ஹார்மோன் மூலப்பொருள்கள்: எவை வேண்டும், எவை வேண்டா?

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஏற்காட்டிற்கு ஏறும் இரண்டாவது மலைப்பாதை தொடங்குமிடத்தில் இருப்பது குப்பனூர். அங்கு நடைபெற்ற கிராம சபைக் கூட்டம் ஒன்றின் முடிவில் விவசாயி ஒருவர் தம் பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஐயா, பையன் போலீஸ் வேலைத் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறான். இதைச் சாப்பிட்டால் உடம்பு இறுகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டான். ஒரு மாதத்துப் பால் பணம் இதிலேயே போயிற்று. கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். புட்டியின் மேல் 'டி.எச்.இ.ஏ.' என அச்சிடப்பட்டிருந்தது.

யான் மருத்துவன் அல்லேன். எனினும், மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெளிந்தவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி ஈண்டு எழுதுகிறேன்.

ஹார்மோன் என்பது யாது?

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் சில உள்ளன. கழுத்தின் முன்புறத்தில் தைராய்டு சுரப்பியும், சிறுநீரகங்களின் மேல் அட்ரினல் சுரப்பிகளும் அமைந்துள்ளன. இவை மிகச் சிறிய அளவில் சில நீர்களைச் சுரந்து நேரே இரத்தத்தில் கலக்கின்றன. அந்நீர்களே ஹார்மோன்கள். உடல் வளர்வதும், எலும்பு உறுதிப்படுவதும், ஆண்மை பெண்மைக் குறிகள் தோன்றுவதும் இவற்றாலேயே.

ஒவ்வொரு ஹார்மோனுக்கும் மூலப்பொருள் ஒன்று வேண்டும். "அம்மூலப்பொருளை மிகுதியாக உண்டால் ஹார்மோனும் மிகுதியாகச் சுரக்குமன்றோ?" என்பதே மாத்திரை விற்போர் கூறும் வாதம். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் மலைமேல் உள்ள காப்பித் தோட்டங்களில் பழத்தின் தோலை நீக்கும் பொறியைப் பார்த்தவர்கள் இதிலுள்ள பிழையை எளிதில் உணர்வர். பழம் வராத நாளில் பொறி வாளா நிற்கும். அன்று பழம் கொணர்ந்தால் வேலை நடக்கும். பொறி முழு வேகத்தில் ஓடும் நாளில் மேலும் பத்து மூட்டை கொணர்ந்து குவித்தால் காப்பிக்கொட்டை கூடுதலாகக் கிடைப்பதில்லை; குவித்த பழம் புளித்துக் கெடுகிறது. உடலின் நிலையும் இத்தகையதே. மூலப்பொருள் குறைந்த இடத்தில் அதனைக் கொடுத்தால் பயன் உண்டு. குறையாத இடத்தில் கொடுத்தால் பயன் இல்லை, சில வேளைகளில் தீங்கும் உண்டு.

பயன் தந்த மூலப்பொருள்: அயோடின்

தைராய்டு சுரக்கும் ஹார்மோனுக்கு அயோடின் இன்றியமையாத மூலப்பொருள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம் மட்டுமே. கருவுற்ற தாய்க்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இச்சிறு அளவும் கிட்டாவிடின் சுரப்பி வீங்கி முன்கழுத்துக் கழலை தோன்றும். அதனினும் கொடியது, வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவதாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில், 1956ஆம் ஆண்டு முதல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை நோய் வெகுவாகக் குறைந்தது. வெறும் உப்பு உண்ட பகுதியில் அவ்வாறு குறையவில்லை. 1962இல் தேசிய அளவில் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2006 மே மாதம் முதல், நேரடியாக உண்பதற்கு அயோடின் கலவாத உப்பை விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

இவ்வளவு இருந்தும் நாம் தலைகுனிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீட்டு உப்பின் ஒரு கிலோவில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருத்தல் வேண்டும். 2018-19இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், இத்தகைய உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 76.3 எனக் கண்டனர், தமிழ்நாட்டிலோ 61.9 மட்டுமே. மாநிலங்களுள் கடைசி இடம் நம்முடையது. தூத்துக்குடியில் மலைமலையாக உப்பு விளைவித்து நாட்டிற்கு அளிக்கும் நமக்கு இந்நிலை!

அன்று குப்பனூர்க் கூட்டத்தில் இருந்த தாய்மார்களிடம், "வீட்டில் என்ன உப்பு?" என்று வினவினேன். "கல்லுப்புத்தான் ஐயா, கழுவித்தான் போடுவோம்" என்று பலர் விடையளித்தனர். அயோடின் கலந்த கல்லுப்பில் அது கல்லின் மேற்புறத்தில் படிந்திருக்கும். கழுவினால் நீரோடு போய்விடும். பால் பணம் கொடுத்து வேண்டாத மூலப்பொருளை வாங்கியவர் ஊரிலேயே, வேண்டிய மூலப்பொருள் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

பயனற்ற மூலப்பொருள்: டி.எச்.இ.ஏ.

இனி அப்புட்டிக்கு வருவோம். டி.எச்.இ.ஏ. என்பதை அட்ரினல் சுரப்பிகள் தாமே ஆக்குகின்றன. உடல் அதிலிருந்து ஆண் ஹார்மோனையும் ஆக்கும். பெண் ஹார்மோனையும் ஆக்கும். முதுமையில் இதன் அளவு பெரிதும் குறைவதால், இதனை உண்டால் இளமை மீளும் என்ற நம்பிக்கை பரவிற்று. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் இது உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டது.

ஆராய்ச்சி கூறியது வேறு. முதியோருக்கு இரண்டு ஆண்டுகள் டி.எச்.இ.ஏ. கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. தசை வலிமையிலோ உடல் திறனிலோ பயன் எதுவும் காணப்படவில்லை. இதற்கு உறவான ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்னும் பொருளை உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வீதம் எட்டு வாரங்கள் கொடுத்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களைவிட அவர்களுக்குத் தசை மிகவில்லை; ஆண் ஹார்மோன் உயரவில்லை. உயர்ந்தது பெண் ஹார்மோனே! அத்துடன் இருதயத்தைக் காக்கும் நல்ல கொழுப்பும் குறைந்தது.

பெண்கள் டி.எச்.இ.ஏ. உண்டால் முகப்பருவும் முகத்தில் மயிரும் தோன்றக்கூடும். மார்பகப் புற்றோ, ஆண்களுக்குரிய புராஸ்டேட் புற்றோ உடையவர்கள் இதனைத் தொடுதல் ஆகாது. குறிப்பிட்ட சில நோய் நிலைகளில் தக்க மருத்துவர் பரிசோதித்து இதனை எழுதிக் கொடுப்பதுண்டு. அது வேறு செய்தி. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளோ, உணவுத் துணைப்பொருள்களில் ஹார்மோன் எதனையும் சேர்த்தல் கூடாதென்றே விதித்துள்ளன.

மேலும் ஓர் அபாயம் உண்டு. 13 நாடுகளில் வாங்கிய 634 துணைப்பொருள்களை ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்தனர். அவற்றுள் 94இல், மேற்சீட்டில் குறிப்பிடாத இத்தகைய ஹார்மோன் மூலப்பொருள்கள் கலந்திருந்தன. டி.எச்.இ.ஏ. விளையாட்டுத் துறையிலும் தடை செய்யப்பட்ட பொருள். எனவே, கபடி ஆடும் நம் இளைஞன் அறியாமல் உண்ட பொடியினாலேயே போட்டியிலிருந்து விலக்கப்படவும் கூடும்.

நடுவில் நிற்பது: வைட்டமின் டி

வைட்டமின் டி ஒரு ஹார்மோனின் மூலப்பொருளே. வெயில் பட்டால் தோல் அதனை ஆக்குகிறது. ஈரலும் சிறுநீரகமும் அதனை ஹார்மோனாக மாற்றுகின்றன. குறைவுள்ள குழந்தைக்கு எலும்பு வளையும் நோய் வாராமல் இது காக்கும். ஆனால் 25,871 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், நலமாயுள்ளவர்களுக்கு இதனை நாள்தோறும் கொடுத்ததால் எலும்பு முறிவு குறையவில்லை என 2022இல் தெரியவந்தது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் கெடும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

1. ஊர்க் கடைகளில் அயோடின் கலந்த உப்பு மட்டுமே விற்கப்படுகிறதா எனக் கவனித்தல். வெறும் உப்பு விற்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவித்தல்.

2. உப்பைக் கழுவாமலும், மூடிய பாத்திரத்தில் ஈரமும் அனலும் படாமல் வைத்தும், சமையலின் இறுதியில் சேர்த்தும் பயன்படுத்தும்படி மகளிர் குழுக்களின் வாயிலாக எடுத்துரைத்தல். இதன் பொருள் உப்பைக் கூடுதலாக உண்க என்பதன்று. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மிகாதிருத்தலே நலம்.

3. அயோடின் மாத்திரையைத் தாமே வாங்கி உண்ணாதிருத்தல். அதன் மிகுதியும் தைராய்டைக் கெடுக்கும். கழுத்தில் வீக்கம் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைதல்.

4. உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு நிலக்கடலை, பயறு, முட்டை, பால் ஆகியவற்றின் பயனை எடுத்துக்கூறல்.

மண்ணைப் பரிசோதித்துத் துத்தநாகம் குறைந்த வயலுக்கு மட்டும் துத்தநாக சல்பேட் இடுகின்ற விவசாயிக்கு இவ்வுண்மை புதிதன்று. வயலுக்குக் காட்டும் அவ்விவேகத்தை நம் உடலுக்கும் காட்டுவோமாக. அன்று அப்பெரியவரிடம், "புட்டியை மூடி வையுங்கள், தம்பிக்குப் பாலை வீட்டிலேயே கொடுங்கள், உப்பைக் கழுவாதீர்கள்" என்றே கூறினேன். எல்லாக் கிராமத்தார்க்கும் யான் கூற விரும்புவதும் அதுவே.