வளைவின் முனைகளைச் சொல்லும் வழிகள்

கணிப்பொறி வரைபடம் பயிலும் மாணாக்கருள் பலர், எந்த மென்பொருளைக் கற்றால் வேலை கிடைக்கும் என்று வீட்டார் விசாரித்து வந்து சொன்னார்களோ அதையே பற்றிக்கொண்டு, அதில் எந்தக் கட்டளை புதியதோ அதையே எல்லா வளைவுக்கும் பிரயோகிக்கிறார்கள். ஒரு கூம்பு வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லப் பல வழிகள் உண்டென்ற நினைவே அவர்களுக்கு எழுவதில்லை.

வட்டவில்லைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. மையம், ஆரம், இரண்டு கோணங்கள் தெரிந்தால் போதும். நீள்வட்டத்தில் மாத்திரம் சற்று ஜாக்கிரதை தேவை. அரையச்சுகள் 40, 20 என்றிருக்க, வளைவின் மேல் புள்ளியின் இடத்தைக் குறிக்கும் எண்ணாகிய துணையலகை (parameter) 45 பாகை என்று கொடுத்தால், முனை (28.28, 14.14) என்ற இடத்தில் விழும், மையத்திலிருந்து அளந்தால் அது 26.57 பாகைதான். மெய்யாகவே 45 பாகையில் முனை வேண்டுவோர் 63.43 என்று கொடுக்க வேண்டும். பரவளையத்திலோ, மென்பொருள்களுக்கிடையே வரைபடத்தைக் கைமாற்றும் ஸ்டெப் (STEP) கோப்பின் சம்பிரதாயப்படி, துணையலகு கோணமே அன்று. அச்சிலிருந்து குறுக்கே விலகிய தூரத்தைக் குவியத்தூரத்தின் இரு மடங்கால் வகுத்து வரும் வெறும் எண்.

இக்காலத்து மோகமெல்லாம், கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் எடைகளையும் கொண்டு வளைவை எழுதும் நர்ப்ஸின் (NURBS) மேல். கூம்பு வளைவுகள் யாவும் இம்மியும் பிசகாமல் அதற்குள் அடங்கும் என்பது உண்மையே. ஆயினும் அப்படி மாற்றிய பின் கோப்பில் எஞ்சுவன கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் எடைகளும் முடிச்சு எண்களுமே ஆதலால், குவியம் எங்கே, அச்சு எங்கே என்று கேட்பவன் திரும்பவும் கணக்கிட்டுத்தான் அவற்றைத் தோண்டி எடுக்க வேண்டும். இதைவிடப் பெரிய விபரீதம் ஒன்று உண்டு. கால்வட்டத்தை மூன்று புள்ளிகளாலும் நடுப்புள்ளிக்கு 0.7071 என்ற எடையாலும் எழுதிவிட்டு, துணையலகு 0.25 ஆகும் இடத்தில் வெட்டுகிற மாணவன், 22.5 பாகையில் வெட்டியதாகவே நம்புகிறான். வெட்டு விழுவதோ 21.6 பாகையில். திரையில் கண்ணுக்குப் புலப்படாத அந்த வித்தியாசம், 500 மில்லிமீட்டர் ஆரமுள்ள தகட்டின் விளிம்பில் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். பட்டறையில் இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறவன்தான் அதைக் கண்டு முகம் சுளிக்கிறான். எல்லாவற்றையும் நர்ப்ஸாக்கிவிடு என்று உபதேசிப்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

முனைகளும் அங்குள்ள தொடுகோடுகளும் தெரிந்த இடத்தில், ரோ முறைக்கு நிகரில்லை என்பேன். நாணின் நடுப்புள்ளியிலிருந்து தொடுகோடுகள் சந்திக்கும் இடம்வரை செல்லும் கோட்டில், வளைவு எந்தப் பங்கில் கடக்கிறது என்பதே ரோ: 0.5 என்றால் பரவளையம், குறைந்தால் நீள்வட்டம், மிகுந்தால் அதிபரவளையம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராய் லைமிங், பி-51 மஸ்டாங் விமானத்தின் வடிவத்தைக் கூம்பு வளைவுகளைக் கொண்டே கணித வடிவில் வகுத்தார். பென்சிலும் வளைவுச் சட்டமும் பிடித்துப் பழகியவனுக்கு அவ்வழியின் மேல் அபிமானம் தோன்றுவது இயல்பே.

எண்ணில் சிந்திக்கும் புத்தி ஒருவனுக்கு, உருவத்தில் சிந்திக்கும் புத்தி மற்றொருவனுக்கு. தன் சுபாவம் எதுவென்று பொறுமையாக அறிந்துகொள்ளாமல், அயலான் ஓடுகிற திக்கில் தானும் ஓடுவதால் லாபமில்லை. எந்த வழியைக் கைக்கொண்டாலும், முதலில் முனைகளின் ஆயத்தொலைகளைக் கையால் கணக்கிட்டு, மென்பொருள் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீள்வட்டத்தில் இரு முனைகளுக்கிடையே வில் இரண்டு உண்டாகையால், எந்தத் திசையில் செல்வது என்பதையும் குறித்து வையுங்கள்.