கறிவேப்பிலைச் செடியும் ஒரு படக்கதையும்

எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' (1969) கிடைத்தால், அதைக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளில் சில வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். குட்டிப் புழு பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். நாலைந்து கிளைகளை அதற்கு விட்டுக்கொடுங்கள், மருந்து அடிக்க வேண்டாம். ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நான்கு நிலையையும் பிள்ளை பார்த்துவிடலாம். புத்தகத்துப் புழு கேக்கும் ஐஸ்கிரீமும் தின்னும். நம் புழு இலையைத் தவிர எதையும் தொடாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

விதைக் கதை படித்த அன்றே வெந்தயம் ஊன்றுங்கள். இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். சின்னப் பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் சரி. மிளகாய் விதை வாரக்கணக்கில் காக்க வைக்கும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இலையுதிர்காலமும் பனிப்பொழிவும்தான் வரும். அவற்றையும் படிக்கலாம், தப்பில்லை. கூடவே ஒரு பழைய நோட்டில் சித்திரையில் வேப்பம்பூ, ஐப்பசியில் தவளைச் சத்தம், மார்கழியில் பூசணிப்பூ என்று மாதத்துக்கு ஒரு பக்கம் வரையச் சொல்லுங்கள்.

புத்தகம் வாங்க வசதியில்லையா? பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். அச்செடுத்துத் தைத்துக் கொடுங்கள். கைபேசியில் காட்டினால் அடுத்த நிமிடம் கார்ட்டூன் கேட்பார்கள்.