ஹாலுக்கு எந்த டிவி?

கேள்வி: சோபாவிலிருந்து டிவி மாட்டும் சுவர் 9 அடி தூரம். சினிமா பார்க்கத்தான் வாங்குகிறோம். 55 அங்குலமா, 65 அங்குலமா? ஓஎல்இடி அவசியமா?

பதில்: 65 வாங்குங்கள். திரையின் மூலைவிட்ட அளவைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் 4கே படம் கண்ணை நிறைக்கும். 65 அங்குலத்துக்கு அது சுமார் 8 அடி.

ஓஎல்இடியை உங்கள் ஹாலின் வெளிச்சம்தான் தீர்மானிக்க வேண்டும். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால், இரவுக் காட்சியின் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு அதற்கு இணையில்லை. பகல் முழுக்க ஜன்னல் வெயிலில் செய்திச் சேனல் ஓடும் வீடென்றால் மினி எல்இடி வாங்குங்கள். அசையாமல் நிற்கும் சேனல் முத்திரை ஓஎல்இடியில் நாளடைவில் தடம் விட்டுவிடலாம்.

கடையில் 'விவிட்' நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 'சினிமா' மோடில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மெல்லிய டிவிகளில் ஒலி சுமார்தான். சவுண்ட்பாருக்கும் பணம் ஒதுக்கிவிட்டுக் கடைக்குப் போங்கள்.