பழைய காரா, குத்தகைக் காரா?

சங்கத்தின் பழைய காரை வைத்துக்கொள்வதா, புதியதைக் குத்தகைக்கு எடுப்பதா என்னும் கேள்வி எழுமாயின், நாம் முதலில் கணக்குப் புத்தகத்தைத் திறத்தல் வேண்டும்.

பழுதுபார்த்தல், டயர், இன்ஷ்யூரன்ஸ், மிகைப் பெட்ரோல் யாவும் சேர்ந்து பழைய காருக்கு ஆண்டுக்கு ரூ. 90,000 ஆகிறதெனக் கொள்வோம். குத்தகை மாதம் ரூ. 20,000 எனில், ஆண்டுக்கு ரூ. 2,40,000 ஆகும். கார் ஓடாத மாதத்திலும் வாடகை ஓடும். ஒப்பந்தக் கிலோமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. தவணை முடிந்தால் கார் உடையவருக்கே சேரும்.

எனினும், 15 ஆண்டு நிறைந்த காருக்குப் பதிவைப் புதுப்பித்தல் அவசியம். பிரேக்கோ அடிச்சட்டமோ நலிந்திருப்பின், அங்கே சிக்கனம் பேசலாகாது.

ஆகவே, இரண்டின் மூன்றாண்டுச் செலவையும் எழுதிப் பொதுக்குழுவின்முன் வைப்போமாக. செலவாவது அங்கத்தினரின் பணமன்றோ!