மருந்தும் உடனிருப்பவரும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் நிறைவுக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்து கொடுப்பவர். அந்த நான்காமவரின் பொறுப்பை நான் காலங்கடந்தே உணர்ந்தேன்.

கிள்ளானில் எங்களுடன் இருந்த என் தாயார், பல ஆண்டுகளாக இனிப்புநீருக்கு மாத்திரை உண்டு வந்தவர். ஒரு கந்த சஷ்டியின்போது அவருக்குச் சிறுநீர்த் தொற்று கண்டது. கிளினிக்கில் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். அம்மா விரதம் இருப்பதை நாங்கள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை பிதற்றத் தொடங்கினார். என்னையே யாரென்று கேட்டார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், “அருள் வந்திருக்கிறது” என்றார். “வயதாகிவிட்டது” என்றார் மற்றொருவர். நானும் திருநீறு பூசிவிட்டுக் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியபின் கண் விழித்து, என் பெயரைச் சொல்லி அழைத்தார்.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவை ஃப்ளூரோகுயினோலோன் வகை மருந்துகள். பலரின் உயிரைக் காப்பவைதாம். ஆயினும், மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்னும் பொருளின் வேலையை இவை தடுக்கக்கூடும். அதனால் சிலருக்கு உறக்கமின்மை, படபடப்பு, மனக்குழப்பம், அரிதாக வலிப்பும் வரலாம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கச் செய்வதும் உண்டு. இனிப்புநீர் மாத்திரையும் வெறும் வயிறும் சேர்ந்தால் ஆபத்து பெரிது. கை கால் நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் எச்சரித்தது. மனக்குழப்பம், சர்க்கரை இறக்கம் பற்றிய எச்சரிக்கையை 2018இல் வலுப்படுத்தியது.

அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. விரதம், இனிப்புநீர், வலிப்பு நோய், உண்டுவரும் மற்ற மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

2. பாதம் எரிந்தாலோ மரத்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். இனிப்புநீரால் வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

3. வியர்வை, நடுக்கம், குழப்பம் கண்டால், நினைவிருப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

4. மீந்த மாத்திரையை எடுத்துவைத்துப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்கு மருந்து கொடுப்பதும் ஒரு தொண்டே. அதைக் கண் விழித்துச் செய்வோம். எல்லாம் வல்ல முருகப் பெருமான் அனைவருக்கும் நல்லுடல் நலம் அருள்வானாக.