அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இரவல் கொடுத்த மணப்பெண் ஆடை

  



ரமலான் முடிந்து ஷவ்வால் பிறந்துவிட்டது. நிக்காஹ் பதிவேடு மறுபடியும் நிறையத் தொடங்கியிருக்கிறது. ஷவ்வாலில் திருமணம் ஆகாது என்று அறியாமைக் காலத்து மக்கள் எண்ணியிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தன்னை ஷவ்வாலில்தான் மணமுடித்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அன்னையார் எடுத்துச் சொல்வார்கள். தம் குடும்பப் பெண்களுக்கு ஷவ்வாலில் திருமணம் நடப்பதை விரும்பவும் செய்வார்கள் (முஸ்லிம்). எனவே இது நல்ல மாதம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் வாழ்வில் பரக்கத் செய்வானாக!

கல்யாணம் பேசி முடித்ததும் எல்லா வீடுகளிலும் நடக்கிற முதல் காரியம் ஜவுளி எடுக்கப் போவது. கும்பகோணம், திருச்சி, வசதியுள்ளவர்கள் காஞ்சிபுரம், தி.நகர் என்று வேன் பிடித்துப் போகிறோம். இன்றைய ஜும்ஆவில் அந்த ஜவுளியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மிம்பரில் பேசுகிற விஷயமா இது என்று நினைக்க வேண்டாம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் மணப்பெண்ணின் ஆடைக்கென்றே தலைப்பு அமைத்திருக்கிறார்கள்.

ஒரு தகப்பனார் கொண்டுவந்த பட்டியல்

போன வருடம் இஷா தொழுகைக்குப் பிறகு ஒருவர் வந்தார். டீக்கடையில் வேலை பார்ப்பவர். “ஹஸ்ரத், மகள் கல்யாணம். வெளியூர்ப் பள்ளிகளில் உதவி கேட்க ஜமாஅத் லெட்டர் வேண்டும்” என்றார். செலவுப் பட்டியலைக் கேட்டேன். சாப்பாட்டுச் செலவை மிகவும் சுருக்கியிருந்தார். ஜவுளிச் செலவு மட்டும் பெரிதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ஷெர்வானி, பெண்ணுக்கு வரவேற்புக்கு லெஹங்கா, மாப்பிள்ளை வீட்டில் பதினான்கு பேருக்குத் துணி.

“ஏன் பாய் இவ்வளவு?” என்றேன். “அவங்க நிக்காஹ் புடவை நாற்பதாயிரத்துக்கு எடுத்துட்டாங்க ஹஸ்ரத். நாம குறைச்சலா எடுத்தா, பிள்ளை அங்கே போய் எப்படித் தலைநிமிர்ந்து நிற்கும்?” என்றார். மனைவியின் நகையை ஏற்கெனவே வட்டிக்கு அடகு வைத்துவிட்டதாகவும் சொன்னார்.

நான் லெட்டர் எழுதிக் கொடுத்தேன். நிக்காஹும் நானே செய்து வைத்தேன். ஏழு மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது நகை இன்னும் மீளவில்லை. அந்த லெஹங்கா ஒரு நாள் உடுத்தியதோடு பீரோவில் இருக்கிறது.

சகோதரர்களே! மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. மருமகளுக்குப் பிரியத்தோடு நல்ல புடவை எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் விலை இந்த வீட்டுக்கு ஒரு கட்டளையாகப் போய்விட்டது. தவறு அவர் மீது மட்டும் என்று சொல்ல மாட்டேன். “நம் மஹல்லாவில் வீட்டுக்கு வீடு ஒருநாள் உடுத்திய ஆடை மடித்துக் கிடக்கிறதே, அதில் ஒன்றைக் கேட்டுப் பார்ப்போமா?” என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்று அது தோன்றவில்லை. அரபிக் கல்லூரியில் அந்த ஹதீஸை ஓதியிருந்தும் தோன்றவில்லை. அந்தக் குறை என்னுடையது.

மதீனாவின் மணப்பெண்கள் உடுத்திய ஆடை

அந்த ஹதீஸ் இதுதான். அய்மன் (ரஹ்) அவர்கள் ஆயிஷா (ரலி) அன்னையாரிடம் வருகிறார்கள். அன்னையார் ‘கித்ர்’ எனும் முரட்டுத் துணியாலான அங்கி அணிந்திருந்தார்கள். அதன் விலை ஐந்து திர்ஹம். வீட்டில் இருந்த பணிப்பெண்ணைக் காட்டி, இதை வீட்டுக்குள் உடுத்தக்கூட இவளுக்கு மனமில்லை என்றார்கள். பிறகு பழைய நாளை நினைவுகூர்ந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இதே போன்ற ஓர் அங்கி தம்மிடம் இருந்ததாம். மதீனாவில் எந்தப் பெண் மணக்கோலம் பூண்டாலும், ஆள் அனுப்பி அதைத் தம்மிடமிருந்து இரவல் வாங்காமல் இருந்ததில்லையாம் (புகாரி).

யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் ஒரு பணிப்பெண் வேண்டாம் என்ற துணியைத்தான் ஸஹாபாப் பெண்மணிகள் தங்கள் திருமண நாளில் உடுத்தினார்கள். அதுவும் சொந்தமாக அல்ல, இரவலாக. ஒரே ஆடை எத்தனை வீட்டு வாசலைக் கடந்திருக்கும்! “போன மாதம் இன்னாருடைய மகள் கட்டியதாயிற்றே” என்று அங்கே யாரும் கேலி பேசவில்லை. கொடுத்தவர்களுக்கும் அது பெருமையில்லை, வாங்கியவர்களுக்கும் அவமானமில்லை.

அன்னையார் கொடுத்தவர்கள் மட்டுமல்ல, வாங்கியவர்களும்கூட. ஒரு பயணத்தின்போது தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் கழுத்து மாலையை இரவல் வாங்கி அணிந்து சென்றார்கள். அது தொலைந்துபோனது. அதைத் தேட நபி (ஸல்) அவர்களே ஆள் அனுப்பினார்கள். தேடிப் போனவர்களுக்குத் தொழுகை நேரம் வந்தது, தண்ணீர் இல்லை. அதையொட்டித்தான் தயம்மும் வசனம் இறங்கியது. இந்த நிகழ்வை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் நிக்காஹ் பாடத்திலும் கொண்டுவந்து, மணப்பெண்ணுக்காக ஆடை இரவல் வாங்குவது என்ற கருத்தில் தலைப்பிட்டிருக்கிறார்கள். உம்மத்திற்கே தயம்மும் எனும் சலுகை கிடைக்க ஓர் இரவல் நகை காரணமாக இருந்திருக்கிறது. அப்படியிருக்க இரவல் எப்படிக் கேவலமாகும்?

பெருநாளன்று பெண்களும் தொழும் திடலுக்கு வரவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியபோது, ஜில்பாப் இல்லாதவள் என்ன செய்வாள் என்று கேட்கப்பட்டது. அவளுடைய தோழி தன் ஜில்பாபை அவளுக்கு உடுத்தக் கொடுக்கட்டும் என்று பதில் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). “இல்லாதவள் வீட்டிலேயே இருக்கட்டும்” என்றோ, “கடன் வாங்கித் தைத்துக்கொள்ளட்டும்” என்றோ சொல்லவில்லை. இல்லாதவளின் தேவையை இருப்பவளின் பொறுப்பாக்கினார்கள்.

அழகாக உடுத்துவது தவறா?

இல்லை. அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தன் அடியார்களுக்காக அல்லாஹ் வெளிப்படுத்திய அலங்காரத்தை ஹராமாக்கியது யார் என்று அல்லாஹு தஆலா அஃராஃப் அத்தியாயத்தில் (7:32) கேட்கிறான். தன் ஆடை அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும்தான் பெருமை என்றார்கள் (முஸ்லிம்).

ஆகவே வசதியுள்ள ஒருவர் தன் மகளுக்கு நல்ல பட்டு எடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு ஆசை இருக்கும். அந்த ஆசையை மதிக்க வேண்டும். கடையில் மாமியாரும் நாத்தனாரும் நிறம் பேசிக்கொண்டிருக்க, உடுத்தப்போகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வருவது நல்ல பழக்கமல்ல.

எல்லை எங்கே இருக்கிறது? அதே அத்தியாயத்தில் முந்திய வசனம் (7:31) அலங்கரித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீண்விரயம் செய்பவர்களை அல்லாஹ் நேசிப்பதில்லை என்று முடிகிறது. ஃபுர்கான் அத்தியாயம் (25:67) செலவு செய்யும்போது விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் காட்டாமல் நடுநிலையில் நிற்பவர்களை ரஹ்மானின் அடியார்கள் என்கிறது. பிறர் பேச வேண்டும் என்பதற்காகவே ஆடை அணிபவருக்கு மறுமையில் இழிவின் ஆடை அணிவிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (அபூதாவூத், இப்னு மாஜா).

ஒரே துணியை ஒருவர் அல்லாஹ் கொடுத்த நிஃமத் என்று உடுத்தலாம், மற்றவர் சம்பந்தி வீட்டார் வாயடைக்க வேண்டும் என்று உடுத்தலாம். கடையில் இரண்டுக்கும் ஒரே பில்தான். அல்லாஹ்விடம் கணக்கு வேறு.

ஜவுளி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, வட்டி. நல்ல ஆடை உடுத்துவது அனுமதிக்கப்பட்ட விஷயம். வட்டியோ அல்லாஹ்வும் ரசூலும் போர் அறிவிப்புச் செய்த பாவம் (2:279). அனுமதிக்கப்பட்ட ஒன்றுக்காக ஹராமில் விழுவது என்ன நியாயம்? நிக்காஹ் சபையில் பரக்கத்துக்காக துஆ கேட்கிறோம். அதே சபையில் வட்டிக் கடனில் வந்த துணி இருந்தால் அந்த துஆவின் கதி என்ன?

இரண்டாவது, மாப்பிள்ளையின் ஆடை. பட்டும் தங்கமும் இந்த உம்மத்தின் பெண்களுக்கு ஹலால், ஆண்களுக்கு ஹராம் (திர்மிதி, நஸாயீ). இது கல்யாண நாளுக்கும் பொருந்தும். நான்கு விரல் அகலம் வரை பட்டுக்கரைக்கு அனுமதி உண்டு (முஸ்லிம்). பட்டு கலந்த நெசவாக இருந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் எடையில் பட்டு மிகைத்துவிடக் கூடாது. ஹனஃபி மத்ஹபில் ஊடை பட்டாக இருக்கக் கூடாது. கடைகளில் ‘ஆர்ட் சில்க்’ என்று விற்பது செயற்கை இழை. பெயரில் சில்க் இருந்தாலும் அது ஹராமான பட்டு அல்ல. சந்தேகம் வந்தால் மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இழையை எரித்துப் பார்த்தாலும் தெரியும். அசல் பட்டு முடி கருகும் வாடை அடித்துப் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும். அசல் சரிகை வெள்ளி இழையில் தங்க முலாம் பூசியது. பெண்கள் அதை உடுத்தத் தடையில்லை.

மூன்றாவது, மஹர். மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிற புடவை, மஹரில் சேரும் என்று முன்பே பேசி முடிவு செய்திருந்தாலொழிய, அன்பளிப்புதான். பின்னால் “புடவைக்கே இவ்வளவு ஆச்சு” என்று மஹரைக் குறைப்பது அந்தப் பெண்ணின் ஹக்கில் கை வைப்பதாகும். அதேபோல் “எங்கள் பையனுக்கு இத்தனை ஆயிரத்துக்கு ஷெர்வானி” என்று பெண் வீட்டாரிடம் கேட்பதும், “எங்கள் வீட்டில் இத்தனை பேருக்குத் துணி” என்று பட்டியல் கொடுப்பதும் வரதட்சணையின் இன்னொரு பெயர்தான். ‘நாங்கள் வரதட்சணை வாங்கவில்லை’ என்று பத்திரிகையில் போட்டுக்கொள்வதால் அது மாறிவிடாது.

நான்காவது, தொழுகை. ஜவுளிக்கடையில் காலை பத்து மணிக்கு நுழைந்து இரவில் வெளியே வருகிறோம். லுஹரும் அஸரும் மஃரிபும் என்ன ஆயின? புறப்படும்போதே பக்கத்தில் பள்ளி எங்கே, பெண்கள் தொழ இடம் எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, மறைக்க வேண்டியதை மறைப்பது. விலை எவ்வளவு என்பதைவிட இது முக்கியம். இறுக்கமாகவோ மெல்லியதாகவோ இருக்கிற ஆடையை ஆயிரம் பேர் நடுவே, கேமரா முன்னால் உடுத்தினால், அது உடுத்தியதாகவே ஆகாது. ஆடைகளில் தக்வாவின் ஆடையே மேலானது என்று அல்லாஹ் சொல்கிறான் (7:26).

இரவல் கொடுப்பதன் ஒழுங்கு

இரவல் பொருளை ஃபிக்ஹில் ‘ஆரியத்’ என்பார்கள். அது தொலைந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் விலை கொடுக்க வேண்டும். அனுமதித்த முறையில் உபயோகித்துத் தேய்ந்தால் மட்டும் பொறுப்பில்லை. ஹனஃபி மத்ஹபில் அது அமானிதம். கவனக்குறைவால் கெட்டால்தான் ஈடு கொடுக்க வேண்டும். எந்த மத்ஹபானாலும், வேலை முடிந்ததும் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பது கடமை. உரியவரைக் கேட்காமல் அடுத்தவருக்குக் கை மாற்றாதீர்கள்.

மாஊன் அத்தியாயத்தில் அற்பப் பொருட்களையும் கொடுக்காமல் தடுப்பவர்களை அல்லாஹ் கண்டிக்கிறான். வாளியும் சட்டியும் இரவல் கொடுப்பதைத்தான் நபியவர்களின் காலத்தில் மாஊன் என்று கருதி வந்தோம் என்கிறார்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) (அபூதாவூத்). வாளிக்கே அப்படியென்றால், ஓர் ஏழைப் பெண்ணின் கண்ணீரைத் துடைக்கிற புடவைக்கு எப்படி?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவியின் நிக்காஹ் புடவை என் தாயார் பார்த்து எடுத்தது, அரக்கு நிறம். இருபது வருடத்தில் இரண்டு தடவை கட்டியிருப்பார். சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு அதைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். கறை பட்டுவிடுமோ என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணினேன். அவர் யோசித்தது வேறு. “நாம கொடுத்தா அந்தப் பிள்ளை கூசிப் போகுமே” என்றார். பிறகு அவரே போய், “என் மாமி ஆசையா எடுத்த புடவைம்மா. சும்மா கிடக்கு. நீ ஒரு நாள் கட்டினா எனக்குச் சந்தோஷம்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் கொடுத்தால் சொல்லாதீர்கள். கொடுத்துவிட்டுச் சொல்லிக் காட்டினால் நன்மை பாழாகிவிடும் (2:264).

நிக்காஹ் அன்று அந்தப் புடவையைப் பந்தலில் பார்த்தபோது, இரவல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் தகப்பனார் யாரிடமும் லெட்டர் கேட்டு வரவும் இல்லை.

சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். ஒருநாள் உடுத்திய புடவை, லெஹங்கா, ஷெர்வானி எத்தனை இருக்கின்றன? நிர்வாகத்தினரிடம் பேசியிருக்கிறேன். பெண்கள் மதரஸாவில் ஓர் அலமாரி வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். தானமாகத் தந்தாலும் சரி, இரவலாகத் தந்தாலும் சரி. உஸ்தாது அம்மா பொறுப்பில் இருக்கும். வாங்கியவர் பெயர் வெளியே வராது. வசதியுள்ளவர்களின் பெண்பிள்ளைகளும் அதிலிருந்து எடுத்து உடுத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவர்கள் எடுத்தால்தான் அது ஏழைகளின் அலமாரி என்ற பெயர் வராமல், மதீனாவில் இருந்தது போல எல்லோருடைய அலமாரியாக இருக்கும்.

கணவன் மனைவியருக்கு ஆடை, மனைவி கணவனுக்கு ஆடை என்று அல்லாஹு தஆலா சொல்கிறான் (2:187). ஒருநாள் உடுத்துகிற ஆடைக்கு இவ்வளவு அலைகிறோம். ஆயுள் முழுதும் உடுத்த வேண்டிய அந்த ஆடை கிழியாமல் இருக்க அதைவிட அதிகம் கவலைப்படுவோமாக!

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் திருமணங்களை எளிதாக்குவாயாக! கடனிலிருந்தும் வட்டியிலிருந்தும் எங்கள் வீடுகளைப் பாதுகாப்பாயாக! இல்லாதவர்கள் கூசாமல் வாங்கவும், இருப்பவர்கள் காட்டாமல் கொடுக்கவும் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.