இரண்டு டாக்டர்களும் சரிதான்

அன்புள்ள தம்பி,

தருவைகுளத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உன்னிடம் வந்திருக்கும் பெரியவர் விசைப்படகு டிரைவராக இருந்து ஓய்ந்தவர், வயது 74, ஞாபகம் தடுமாறத் தொடங்கி இரண்டு வருஷம். தூத்துக்குடியில் ஒரு டாக்டர் 'அல்சைமர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். திருநெல்வேலியில் இன்னொருவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வந்த மறதி என்றிருக்கிறார். மகன் இரண்டு சீட்டையும் உன் மேஜையில் வைத்து எது சரி என்று கேட்கிறார். அமெரிக்காவில் புது ஊசி வந்திருக்காமே, படகை விற்றாவது போட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்.

முதல் கேள்விக்கு என் பதில்: இரண்டு டாக்டர்களும் சரி. இதைப் புரிந்துகொண்டால் ஊசியைப் பற்றி என்ன சொல்வதென்றும் உனக்கே தெரிந்துவிடும்.

பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு அத்தியாயம் உண்டு. வயதான மூளை அப்படிப் பிரித்துக்கொண்டு கெடுவதில்லை. சிகாகோவில் ஜூலி ஷ்னைடரும் அவர் குழுவினரும், ஊரில் சாதாரணமாக வாழ்ந்து இறந்த 141 முதியவர்களின் மூளையைப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட முடிவைப் படித்துப் பார். மறதி நோய் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருந்தன: அல்சைமர் மாற்றம், பழைய ரத்த அடைப்பு, பார்க்கின்சன் வகையில் சேரும் லூயி உருண்டைகள்.

அதற்கும் முன்னால் 1997-இல் டேவிட் ஸ்னோடன் கன்னியாஸ்திரிகளிடம் கண்டது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நோத்ர தாம் சபையின் 678 சகோதரிகள் வருஷாவருஷம் பரிசோதனைக்கு உட்பட்டு, இறந்தபின் மூளையைத் தானம் செய்யவும் சம்மதித்த ஆய்வு அது. அல்சைமர் மாற்றம் போதுமான அளவு இருந்த சகோதரிகளில், மூளையின் ஆழத்தில் ஓரிரு சின்ன அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்கள்தான் உயிரோடு இருக்கையில் மிக அதிகமாக மறதி நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அல்சைமர் மாற்றம் இல்லாதவர்களிடம் அதே மாதிரி அடைப்புகள் அவ்வளவு சேதம் செய்யவில்லை. அல்சைமர் மாற்றத்தை உன்னாலும் என்னாலும் அழிக்க முடியாது. அடுத்த அடைப்பைத் தடுக்க நம்மால் முடியும். உன் பெரியவருக்கு நீ செய்யக்கூடிய வைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது ஊசி. லெக்கனிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-இல் முழு அனுமதி கொடுத்தது. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அது உண்மையாகவே குறைக்கிறது. 18 மாத ஆய்வில், சரிவை 27% மெதுவாக்கியது என்றார்கள். 18 மதிப்பெண் அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45. போன ஞாபகம் எதுவும் திரும்புவதில்லை. ஆய்வில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள், மூளை வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த ஆய்வில் இடம். மூளையில் நுண்கசிவுகள் பல இருந்தால் சேர்க்கவில்லை. ஆக, ரத்தக்குழாயும் கெட்டு நோயும் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிய உன் பெரியவரைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. படகை விற்க வேண்டாம் என்று மகனிடம் தைரியமாகச் சொல். அதற்காக அந்த மருந்தை ஏமாற்று என்று சொல்லாதே. பல காரணங்களில் ஒன்றை மட்டும் தொட்டால் பலன் இவ்வளவுதான் என்று அது காட்டியிருக்கிறது. நாளைக்குப் பல மருந்துகள் சேர்ந்துதான் வேலை செய்யும்.

பல முனையில் தொடுவதை மருந்தில்லாமல் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் மியா கிவிபெல்ட்டோ குழு, ஆபத்து கூடிய 1,260 முதியவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டு வருஷ முடிவில் அவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிடச் சற்று மேலாக இருந்தது என்று 2015-இல் எழுதினார்கள். பலன் சின்னதுதான். ஆனாலும் தருவைகுளத்தில் செய்யக்கூடியது.

சரி, பெரியவரை எப்படிப் பார்ப்பது? 'இன்று என்ன தேதி, இது எந்த மாவட்டம்' என்று தொடங்காதே. அவர் தேதி பார்த்துக் கடலுக்குப் போனவர் இல்லை. இப்போது என்ன காற்று, வாடையா கச்சானா என்று கேள். கிழிந்த வலைத்துண்டைக் கையில் கொடுத்துப் பொத்தச் சொல். கை தானாக ஓடுகிறதா, நடுவில் நின்றுவிட்டு உன்னைப் பார்க்கிறதா என்று கவனி. பிறகு மனைவியைத் தனியாக உட்கார வைத்துக் கேள். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 10/66 என்ற ஆய்வுக் குழு செய்த கணக்கெடுப்பு உனக்குப் பாடமாக இருக்கட்டும். வழக்கமான அமெரிக்க அளவுகோலை வைத்து அளந்தபோது, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 0.3% பேருக்குத்தான் மறதி நோய் என்று வந்தது. அங்கே நோய் இல்லாமலில்லை. அப்பாவிடம் யாரும் கணக்கு வழக்கைக் கொடுப்பதில்லை, தனியே பஸ் ஏற்றி விடுவதில்லை. மருமகள் சோற்றைப் பிசைந்து வைத்துவிடுகிறாள். அந்த அரவணைப்புக்குள்ளேயே நோய் மறைந்துவிடுகிறது. 'வயசானா அப்படித்தான்' என்று யார் சொன்னாலும், 'போன வருஷம் செய்ததில் எதை இப்போது செய்வதில்லை?' என்று திருப்பிக் கேள்.

அடுத்து, கழிக்க முடிந்ததையெல்லாம் கழி. தைராய்டு, பி12, சர்க்கரை பார். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய தூக்க மாத்திரை, சளிக்குப் போடும் பழைய ரக மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல். அவற்றை மெல்ல நிறுத்தியதுமே தெளிந்தவர்கள் உண்டு. வருஷக்கணக்காக இன்ஜின் பக்கத்தில் நின்றவர், காது கேட்கிறதா என்று பார். லான்செட் ஆணையம் 2024-இல் சொன்ன, மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது கேளாமையும் ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, கண்பார்வை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

பிரஷர் மாத்திரையைத் தலை சுற்றினால் மட்டும் போடுகிறார் என்று எழுதியிருக்கிறாய். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் சொல்லி, மாத்திரையை மனைவி கையில் கொடுக்கச் செய். உப்புக்காகக் கருவாட்டை விடு என்று சொன்னால் அந்த ஊரில் உன்னை யாரும் மதிக்க மாட்டார்கள். வாரத்தில் எத்தனை நாள் என்று பேரம் பேசு. மறதிக்கு டோனெபெசில் கொடுக்கலாம், விலையும் அதிகமில்லை. நாடி மெதுவாக ஓடினால் இ.சி.ஜி. பார்க்காமல் தொடங்காதே. கொஞ்ச காலம் கொஞ்சம் உதவும் என்பதை முதல் நாளே சொல்லிவிடு.

விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து கடற்கரைக்குப் போய்விடுகிறார் என்று ஹாலோபெரிடால் கேட்கிறார்கள் அல்லவா? உடனே எழுதிக் கொடுத்துவிடாதே. அந்த வகை மனநோய் மருந்துகள் மறதி நோயாளிகளின் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன. லூயி உருண்டை நோய் சேர்ந்திருந்தால் ஆளே விறைத்துப்போகலாம். அந்த நோய் இருக்கிறதா என்று அறிய, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுகிறாரா என்று முதலில் கேள். அவர் ஆயுள் முழுக்க அந்த நேரத்துக்குப் படகேறியவர். பேரன் கூடப் போய்ப் படகுகளைக் காட்டிவிட்டுக் கூட்டிவரட்டும். பகலில் தூங்க விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

மகனுக்கு நீ கொடுக்கும் சீட்டில் ஒற்றை நோயின் பெயரை எழுதாதே. நீ கண்டதை வரிசை எண் போட்டு எழுது, இந்த மாதிரி: அல்சைமர் இருக்கலாம், சிறு அடைப்புகள் இருக்கின்றன, ரத்த அழுத்தம் கட்டுப்படவில்லை, காது மந்தம், தூக்க மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுது. ஆறு மாதம் கழித்து அந்தச் சீட்டின் நகலை எனக்கு அனுப்பு. எந்த வரியை அடித்திருக்கிறாய், எது புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்